கனகாம்பரம்: வேரைப் பார்த்து வாங்குங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீ கனகாம்பரம் வச்சு நஷ்டப்பட்டவ, திரும்ப வச்சு நிமிர்ந்தவ. அதைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசு" என்றார். நஷ்டப்பட்ட கதையை மேடை ஏறிச் சொல்வதா என்று முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூச்சத்தால்தான் எங்கள் ஊரில் இன்னும் இரண்டு குழுக்காரர்கள் என்னைப் போலவே ஏமாந்தார்கள். அதனால் இன்றைக்குக் கூச்சத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதலில் பூவைப் பற்றி நாலு வார்த்தை. கனகம் என்றால் பொன், அம்பரம் என்றால் ஆடை. பொன்னாடை என்று பெயர் வாங்கின செடி. இது வெளிநாட்டிலிருந்து வந்த செடி இல்லை. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதுக்குப் பிறந்த வீடு. காட்டில் மர நிழலில், புதர் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடந்ததை நம் பெண்கள் கொல்லைக்குக் கொண்டு வந்தார்கள். கன்னடத்திலும் கனகாம்பரா, தெலுங்கிலும் கனகாம்பரம்தான். மராட்டியர்களும் கொங்கணிக்காரர்களும் மட்டும் அபோலி என்கிறார்கள். பேசாத பூ என்று அதுக்கு அர்த்தம் சொல்வார்கள். ஐரோப்பாவில் இதைத் தொட்டியில் வைத்துக் கண்ணாடி வீட்டுக்குள் அழகுக்கு வளர்க்கிறார்கள். தலையில் வைக்க அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆடாதொடை, நிலவேம்பு இரண்டும் இதுக்குச் சொந்தம். ஒரே குடும்பம். ஆனால் அவை மருந்து, இது பூ. யாராவது கனகாம்பரத்தை அரைத்துக் குடி என்று சொன்னால் கேட்காதீர்கள். இதன் வேலை தலையில் இருப்பது.

செடி இரண்டடி, மூன்றடிக்கு மேல் போகாது. வருஷம் பூரா பச்சை இலை, பளபளப்பாக இருக்கும். கதிர் கதிராக வரும். கதிரில் கீழே இருக்கிற மொட்டு முதலில் விரியும், பிறகு மேலே மேலே போகும். அதனால் ஒரே கதிரில் இரண்டு மூன்று வாரம் பூ எடுக்கலாம். வாசனை கிடையாது. அந்தக் குறையைத்தான் நாம் மல்லியும் மருவும் சேர்த்துக் கட்டி நிறைவு செய்கிறோம். மல்லி மாலைக்குள் வாடிவிடும். இது நாள் முழுக்க நிறம் மாறாமல் நிற்கும், தலைக்கும் பாரம் தெரியாது. கல்யாணப் பெண்ணுக்கு ஜடை பின்னுகிறவர்கள் கனகாம்பரத்தை விடாமல் கேட்பது அதனால்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் குழு ஆரம்பித்து நாலாவது வருஷம். சேமிப்பு சேர்ந்திருந்தது. 100 ரூபாய்க்கு மாசம் 1 ரூபாய் வட்டியில் உள்கடன் கொடுத்தோம். நான் 25,000 ரூபாய் வாங்கினேன். எங்கள் கிணற்று மேட்டில் 20 சென்ட் நிலம். அதில் பூராவும் டில்லி கனகாம்பரம் வைப்பது என்று முடிவு. ஸ்ரீரங்கம் பக்கத்துப் பூச்சந்தைக்குக் கட்டிய சரம் கொண்டு போகும்போதெல்லாம் முகூர்த்த நாளில் கனகாம்பரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆயிரம் என் கண்ணை மறைத்துவிட்டது.

வேர் பிடித்த குச்சி ஒன்று 3 ரூபாய் என்று ஒருவர் வண்டியில் கொண்டு வந்து கொடுத்தார். மற்ற இடத்தை விட விலை குறைவு. 3,000 குச்சி, 9,000 ரூபாய். இலை பச்சென்று இருந்தது. இலையைப் பார்த்தேன், வேரைப் பார்க்கவில்லை.

மூன்றாவது மாசம் நல்ல பூ. ஐந்தாவது மாசம் ஒரு மூலையில் பத்துப் பதினைந்து செடி மஞ்சள் அடித்தது. இலை சிறுத்தது, கதிர் குட்டையானது. தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்துத் தண்ணீரை விட்டேன். உரம் பத்தவில்லை என்று யூரியா போட்டேன். மஞ்சள் திட்டுத் திட்டாகப் பரவியது. எட்டாவது மாசம் செடிகள் நின்றபடியே காய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கிக் கிடந்தது. சில வேர் கறுத்து அழுகியிருந்தது. 20 சென்ட்டில் மிஞ்சியது நாலு வரிசை.

என் வீட்டில் சண்டை. குழுவில் முகம் காட்ட வெட்கம். மாசம் 1,250 ரூபாய் அசலும், அதற்கு மேல் வட்டியுமாக 20 மாசம், பூவே இல்லாத வயலுக்குக் கட்டினேன். மாடு ஒன்று விற்றேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மழையில் போச்சு என்று சொல்லிவிட்டேன். அடுத்த தெருக் குழுவில் இரண்டு பேர் அதே ஆளிடம், அதே விலைக்கு, குச்சி வாங்கினார்கள். அவர்கள் வயலும் போனது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்கள்.

நம் ஊர் ஸ்வஸ்திகக் கிணறு உங்களுக்கெல்லாம் தெரியும். மாமியார் மருமகள் கிணறு என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தோம். பல்லவ ராஜா தந்திவர்மன் காலத்தில், சுமார் 1200 வருஷத்துக்கு முன்னால், கம்பன் அரையன் என்பவர் வெட்டியது. கல்வெட்டில் மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயர் இருக்கிறது. நாலு பக்கமும் படி. ஒரு படியில் இறங்குகிறவர்களுக்கு அடுத்த படியில் இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள். குளிக்கிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் நம் குழுக்களும் அப்படித்தான் இருந்தோம். ஒரு படியில் வழுக்கி விழுந்தது அடுத்த படிக்குத் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். கூட்டமைப்பு என்பது இந்த மறைப்பை எடுக்கத்தானே?

சரி, என்ன நடந்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதை எளிமையாகச் சொல்கிறேன்.

மண்ணுக்குள் நூற்புழு என்று ஒன்று இருக்கிறது. நூல் மாதிரி மெல்லிய புழு, வெறும் கண்ணுக்குத் தெரியாது. கனகாம்பரத்துக்கு இரண்டு வகை பெரிய எதிரி. ஒன்று வேருக்குள் குடியேறி முடிச்சுப் போட வைக்கும். இன்னொன்று வேரைத் துளைத்துப் புண்ணாக்கும். அந்தப் புண் வழியாக வாடல் நோய்ப் பூஞ்சை உள்ளே நுழையும். புழு கதவைத் திறக்கிறது, பூஞ்சை வீட்டுக்குள் வருகிறது. அதனால்தான் தண்ணீர் விட்டும் செடி வாடுகிறது. தண்ணீரை மேலே ஏற்ற வேர் இல்லை.

இதில் டில்லி வகைக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. டில்லி கனகாம்பரம் விதை பிடிக்காது. அதன் உடம்பில் இருக்கிற மரபுச் சரங்கள் ஜோடி ஜோடியாக இல்லாமல் மூன்று மூன்றாக இருப்பதால் விதை உருவாகாது. குச்சி வெட்டித்தான் பெருக்கணும். நாற்றங்கால் மண்ணில் புழு இருந்தால், வேர் பிடிக்கும்போதே அது உள்ளே ஏறிவிடும். அந்தச் செடியோடு சேர்த்துப் புழுவையும் காசு கொடுத்து வாங்கி, நம் வயலில் நாமே நட்டுவிடுகிறோம். ஒரு தடவை மண்ணில் இறங்கினால் பாசனத் தண்ணீரில் பக்கத்து வயலுக்கும் போகும். மம்மட்டியில் ஒட்டின மண்ணிலும், நம் கால் மண்ணிலும் போகும். அதனால் இது என் ஒருத்தியின் நஷ்டம் இல்லை, ஊர் நஷ்டம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கப் போகும்போது ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். நூறு குச்சிக்கு நாலைந்தை நீங்களே எடுங்கள், விற்கிறவர் எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். மண்ணோடு தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேர் வெள்ளையாக, நூல் நூலாக, ஒரே பருமனாக இருக்கணும். நடுநடுவே மணி கோத்த மாதிரி வீக்கம் இருந்தாலோ, கறுப்புக் கீறல் இருந்தாலோ, வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

ஒரு அக்கா கேட்டார், "தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு இருக்கே?" என்று. நல்ல கேள்வி. பயறு வேரில் இருப்பது நல்ல முடிச்சு. வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு உதிராது. வேரே வீங்கியிருக்கும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இப்போது சாகுபடி. நான் இரண்டாவது தடவை 5 சென்ட்டில் மட்டும் வைத்தேன். அந்த முறையைச் சொல்கிறேன்.

மண்: தண்ணீர் நிற்காத செம்மண், மணல் கலந்த செம்மண் நல்லது. நம் பக்கத்து மேட்டு நிலம் பொருந்தும். நெல் வயல் மாதிரி தண்ணீர் தேங்கினால் ஆகாது. உவர் மண்ணும் ஆகாது. மண் பரிசோதனை செய்து பாருங்கள், கார அமில நிலை 6 முதல் 7.5 வரை இருந்தால் பயமில்லை. லேசான நிழலைத் தாங்கும் என்பதால் தென்னந்தோப்பில் ஊடுபயிராகவும் வைக்கலாம். சொந்த நிலம் இல்லாதவர்கள் தோப்புக்காரரிடம் பேசிப் பாருங்கள்.

முன் பயிர்: தக்காளி, கத்தரி, வெண்டை வைத்த இடத்தில் உடனே கனகாம்பரம் வைக்காதீர்கள். அதே புழு அதிலும் இருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், கெட்டுப்போன வேர்களை எல்லாம் பொறுக்கி எரித்தேன். சித்திரை வெயிலில் நிலத்தை உழுது காயப் போட்டேன். நாற்றங்கால் பாத்தியை மட்டும் தண்ணீர் விட்டு, கண்ணாடி மாதிரி தெரிகிற பாலிதீன் தாளால் ஓரம் மண் போட்டு மூடி, ஆறு வாரம் விட்டேன். உள்ளே கொதிக்கிற சூட்டில் புழு சாகும். வயலில் ஒரு போகம் செண்டுமல்லி வைத்தேன். செண்டுமல்லி வேரில் நூற்புழுவுக்கு ஆகாத சரக்கு இருக்கிறது. பூவும் விற்றது, மண்ணும் கொஞ்சம் சுத்தமானது. ஒரே போகத்தில் புழு பூராவும் போய்விடாது. குறையும், அவ்வளவுதான்.

அடியுரம்: எக்டேருக்கு 25 டன் மக்கிய தொழு உரம் சொல்கிறார்கள். நம் கணக்கில் சென்ட்டுக்கு 100 கிலோ, 5 சென்ட்டுக்கு 500 கிலோ. அதில் வேப்பம் புண்ணாக்கும், டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் உயிர் மருந்துகளும் பொட்டலத்தில் போட்ட அளவுக்குக் கலந்து போடணும். உயிர் மருந்தை ரசாயன மருந்தோடு கலக்கக் கூடாது, கலந்தால் செத்துவிடும். வேறு உரம் எவ்வளவு என்பதை மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

நடவு: பார் போட்டு நடணும். நாட்டு ஆரஞ்சு வகைக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. சென்ட்டுக்குச் சுமார் 225 செடி. டில்லிக்கு 60-க்கு 40, அதாவது சென்ட்டுக்குச் சுமார் 170 செடி. அதற்கு மேல் நெருக்காதீர்கள். பெங்களூரில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா என்று ரகங்கள் கொடுத்திருக்கிறது. புது ரகம் கேட்கிறவர்கள் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.

நாட்டு வகைக்கு விதை நாமே எடுக்கலாம். முத்தின காயில் தண்ணீர் பட்டால் படக்கென்று வெடித்து விதை சிதறும். சின்ன வயசில் எச்சில் தொட்டு விளையாடியிருப்போமே, அதேதான். காய்ந்த கதிரை வெட்டி ஒரு மூடின பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்தால் விதை உள்ளேயே விழும். விதையை ரொம்ப நாள் வைத்திருக்கக் கூடாது, புதுசாக விதைக்கணும். நாற்று 60 நாளில் நடவுக்கு வரும்.

டில்லி வேண்டும் என்றால், நல்ல செடி ஒன்று கிடைத்தால் போதும். நுனிக் குச்சியை நாலு அங்குலம் வெட்டி, சுத்தமான மணல் பையில் வைத்து, நிழலில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாசத்தில் வேர் விடும். இதை ஏன் நம் கூட்டமைப்பே செய்யக் கூடாது? கடைசியில் அதற்கு வருகிறேன்.

பறிப்பு: ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலையில், முழுசாக விரிந்த பூவை மட்டும் பறிக்கணும். முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் புதுக் கதிர் சீக்கிரம் வரும். கன மழை நாளில் வரத்து குறையும். நல்லபடி பார்த்தால் இரண்டு மூன்று வருஷம் பலன் தரும்.

இப்போது பணக் கணக்கு. இதைத்தான் யாரும் நமக்கு நேராகச் சொல்வதில்லை.

நாட்டு வகை எக்டேருக்கு வருஷம் 2,000 கிலோ, டில்லி 2,800 கிலோ என்பது நன்றாகப் பராமரித்த தோட்டத்துக் கணக்கு. ஒரு எக்டேர் 247 சென்ட். வகுத்துப் பாருங்கள். நாட்டு வகை சென்ட்டுக்கு 8 கிலோ, 5 சென்ட்டுக்கு வருஷம் 40 கிலோ. டில்லி 5 சென்ட்டுக்குச் சுமார் 55 கிலோ. ஒரு பறிப்புக்குக் கால் கிலோ முன்னே பின்னே வரும். முகூர்த்த நாள் விலையை மறந்துவிடுங்கள். ஆடியும் மார்கழியும் உண்டு, விலை சில நூறுக்கு இறங்கும். சராசரி 300 ரூபாய் என்று வைத்தால், 40 கிலோவுக்கு 12,000 ரூபாய். மாசம் 1,000. இதில் எருவும் உங்கள் உழைப்பும் அடக்கம்.

அதனால் இது சம்பளம் இல்லை, கைச்செலவுக்குப் பக்கபலம். கடன் வாங்கினால் அதுக்குத் தகுந்த மாதிரி வாங்குங்கள். பூவை அப்படியே எடைக்குப் போடாமல், வாழை நாரில் கட்டி முழமாக விற்றால் கூலியும் நமக்கே வரும். நம் காவிரிக் கரையில் வாழை நாருக்கா பஞ்சம்? 5 சென்ட்டில் இரண்டு வருஷம் எடுத்துப் பழகி, வேர் சுத்தமாக இருக்கிறது என்று உறுதியான பிறகு 10 சென்ட்டுக்குப் போகலாம். நான் இன்றைக்கு 8 சென்ட்டில் நிற்கிறேன். 20 சென்ட்டுக்கு இனி ஆசைப்பட மாட்டேன்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று. தோட்டக் கடன் கொடுக்கும்போது, நாற்று எங்கே வாங்குகிறார்கள் என்று குழுத் தீர்மான நோட்டில் எழுதணும். இரண்டு உறுப்பினர்கள் கூடப் போய் வேரை அலசிப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். சேமிப்புப் பணம் எல்லோருடையதும்தானே.

இரண்டு. நாவலூர் குட்டப்பட்டில் பெண்களுக்கென்றே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இரண்டும் நம் மாவட்டத்திலேயே. செடி மஞ்சள் அடித்த முதல் வாரத்திலேயே வேரும் மண்ணும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். நான் எட்டு மாசம் கழித்துப் போனேன்.

மூன்று. கூட்டமைப்பு இடத்தில் ஒரு சின்ன நிழல்வலை நாற்றங்கால் வேண்டும். சுத்தமான தாய்ச்செடி 50 இருந்தால் நம் உறுப்பினர்களுக்கு நாமே குச்சி கொடுக்கலாம். வண்டிக்காரர் வாசலுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் 20 தாய்ச்செடியை நான் தருகிறேன். கொடுக்கும் முன்னால் எல்லோர் முன்னாலும் வாளித் தண்ணீரில் வேரை அலசிக் காட்டித்தான் கொடுப்பேன்.

தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, பெண்களிடம் பணம் கொடுத்தால் திரும்பி வராது என்றார்கள். நாம் திருப்பிக் கட்டினோம். எந்தக் கஷ்டத்திலும் கட்டினோம். நானும் கட்டினேன். ஆனால் கட்டினது மட்டும் போதாது அக்கா. ஏன் நஷ்டம் வந்தது என்பதையும் அடுத்தவளுக்குச் சொல்லணும். அந்த இரண்டு தங்கச்சிகளும் இன்றைக்கு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதுக்கு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்து சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நல்ல செடி ஒன்றும் கெட்ட செடி ஒன்றும் வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வந்து வேரைப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கை, காலைக் கழுவிக்கொண்டு போங்கள், கெட்ட செடியின் மண் உங்கள் வயலுக்கு வர வேண்டாம்.